பாடம் 9: தொண்ணூற்றொரு துளைகள்

நுழையுமுன்

வாசலில் புள்ளி வைத்துக் கோலமிடும் வழக்கம் தமிழர் இல்லங்களிலும் தெலுங்கர் இல்லங்களிலும் ஒன்றுபோலவே உண்டு. தமிழில் கோலம் என்பதைத் தெலுங்கில் முக்கு என்பர். இந்தக் கோலப்புள்ளிக்கும் வானொலிப் பெட்டிக்கும் என்ன தொடர்பு? இப்பாடம் அதனைக் கூறுகிறது.

பாடம்

ஆந்திர மாநிலத்தின் சித்தூர் மாவட்டத்தில், கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 700 மீட்டர் உயரத்தில் அமைந்த ஊர் பலமனேர். கிழக்கே மொகிலி மலைப்பாதையில் இறங்கினால் சித்தூரை அடையலாம். மேற்கே சென்றால் கருநாடகத்தின் முல்பாகலும் கோலாரும் வரும். தெற்கே மலை இறங்கினால் தமிழ்நாட்டுக் குடியாத்தம். ஆகவே அவ்வூர்ச் சந்தையில் மூன்று மொழிகளும் ஒரே நாளில் காதில் விழும். சுடுமண் கைவினைக்கும் அப்பகுதி பெயர் பெற்றது.

அவ்வூரில், ஏறத்தாழ இருபது ஆண்டுகளுக்கு முன், மேல்நிலை வகுப்பில் பயின்ற மாணவன் ஒருவன் இருந்தான் என்று கொள்க. தந்தையின் பணிமாற்றத்தால் குடும்பம் அங்குக் குடியேறியிருந்தது. உடன் வந்த பாட்டிக்குத் தமிழ் தவிர வேறு மொழி தெரியாது, கண்பார்வையும் மங்கியிருந்தது. தொலைக்காட்சி அவருக்குப் பயன்படவில்லை, செய்தித்தாளும் பயன்படவில்லை. மாலையில் ஒலிக்கும் சென்னை வானொலி ஒன்றே அவருக்குத் துணை. மத்திய அலையில் 720 கிலோஹெர்ட்ஸில் ஒலித்த அந்நிலையம் பகலில் மெலிந்தும் இரவில் தெளிந்தும் கேட்கும். மத்திய அலைகள் இரவில் வானின் மேலடுக்கான அயனி மண்டலத்தில் பட்டுத் திரும்புவதே அதற்குக் காரணம்.

வீட்டிலிருந்த வானொலி பழுதுற்றது. மாணவன் உதிரிப் பாகங்களை வாங்கி, தந்தையின் துணையோடு புதியதொரு வானொலியை இணைத்து முடித்தான். மின்சுற்று வேலை செய்தது. ஆனால் மேசைமீது திறந்தபடி வைத்த 3 அங்குல ஒலிபெருக்கியிலிருந்து வந்த குரல் மெலிந்து, தகரத்தைத் தட்டியது போல் இருந்தது. “யாரோ தொலைவிலிருந்து பேசுகிறார், சொல் பிடிபடவில்லை, கண்ணா” என்றார் பாட்டி.

ஒலிபெருக்கியின் காகிதக் கூம்பு முன்னும் பின்னும் அதிர்கிறது. முன்னே காற்று அழுத்தப்படும் அதே கணத்தில் பின்னே காற்று தளர்கிறது. இடையில் தடுப்பு இல்லையெனில் முன்னலையும் பின்னலையும் விளிம்பைச் சுற்றி வந்து ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். கீழ்ச்சுருதி ஒலிகளே பெரிதும் அழியும். ஆகவே குரல் உடலிழந்து ஒலிக்கும். ஒலிபெருக்கியைப் பலகையொன்றில் பொருத்திப் பெட்டிக்குள் அடைப்பது அழகுக்காக மட்டும் அன்று. முன்னலையைப் பின்னலையிடமிருந்து பிரிப்பதே பெட்டியின் முதற்பணி.

பிரித்தபின் முன்னலை வெளியே வர வழி வேண்டும். அவ்வழியே துளை.

துளையின் வரலாறு

தொடக்கக் காலத்து வானொலிக்குத் துளையே தேவைப்படவில்லை. சி.வி. கிருஷ்ணசாமி செட்டியின் முயற்சியால் தோன்றிய சென்னை மாகாண வானொலிக் கழகம் 1924 சூலை 31 அன்று ஒலிபரப்பைத் தொடங்கியபோது, கேட்டவர் பலரும் படிகக் கருவியின் செவிக்குமிழைக் காதில் மாட்டிக்கொண்டே கேட்டனர். ஒரு கருவிக்கு ஒரு செவி என்பதே நிலை. பணமுடையால் அக்கழகம் 1927-இல் ஒலிபரப்பை நிறுத்தியது. பின்னர்ச் சென்னை மாநகராட்சி அப்பணியை ஏற்று, 1930 ஏப்ரல் 1 முதல் ஒலிபரப்பை நடத்தியது. மெரினா கடற்கரை உள்ளிட்ட பொது இடங்களில் ஒலிபெருக்கிகள் வைக்கப்பட்டன. கடற்காற்று வாங்க வந்தோர் நின்று கேட்டனர். 1938 சூன் 16 அன்று அகில இந்திய வானொலியின் சென்னை நிலையமும், 1939 மே 16 அன்று திருச்சி நிலையமும் தொடங்கின.

இன்றைய ஒலிபெருக்கியின் முன்னோடியான இயங்குசுருள் ஒலிபெருக்கியை அமெரிக்காவில் செஸ்டர் ரைசும் எட்வர்டு கெல்லாக்கும் 1925-இல் வெளியிட்டனர். அதன்பின் வால்வு வானொலிகள் மரப்பெட்டிக்குள் புகுந்தன. பெட்டியின் முகத்தில் பெரிய வட்டமாக வெட்டி, அதன்மேல் துணியைப் போர்த்துவதே அன்றைய முறை. விலையோ எளியோர்க்கு எட்டாதது. கோயம்புத்தூரின் ஜி.டி. நாயுடு, ஐந்து வால்வு வானொலியை 70 ரூபாய்க்குச் செய்து தர இயலும் என்று 1941-இல் அறிவித்தது இந்நிலையிலேயே ஆகும். வானொலி வைத்திருப்போர் அஞ்சலகத்தில் ஆண்டுக் கட்டணம் செலுத்தி உரிமம் பெறவேண்டும் என்ற விதியும் நெடுங்காலம் இருந்தது.

1947 திசம்பரில் பெல் ஆய்வகத்தில் டிரான்சிஸ்டர் பிறந்தது. 1954-இல் ரீஜன்சி டி.ஆர்.1 என்னும் சட்டைப்பை வானொலி அமெரிக்கக் கடைகளுக்கு வந்தது. கருவி சிறுத்ததும் துணிக்கு இடமில்லாமற் போயிற்று. நெகிழி முகத்திலேயே சிறுதுளைகள் அமைந்தன. 1958-இல் செருமனியின் பிரவுன் நிறுவனம் வெளியிட்ட டி3 என்னும் கையடக்க வானொலியின் முகத்தில் சிறு துளைகளின் அணிவரிசையையன்றி அணி வேறெதுவும் இல்லை. அதனை வடிவமைத்தவர் டீட்டர் ராம்ஸ். நம் நாட்டிலோ, ஆர்வமுள்ள இளைஞர் சோப்பு டப்பாவுக்குள் வானொலியை அடக்கினர். சென்னை ரிச்சி தெருவிலிருந்து வாங்கிவந்த உதிரிப் பாகங்களும், காய்ச்சிய கம்பியால் டப்பாவின் மூடியில் குத்திய கோணல் துளைகளும் அக்காலத்து வீட்டு வானொலிகளின் அடையாளம்.

காய்ச்சிய கம்பி என்றதும் புல்லாங்குழல் நினைவுக்கு வருவது இயல்பு. குழல் செய்வோர் மூங்கிலில் துளையிட இன்றும் பழுக்கக் காய்ச்சிய இரும்பையே பயன்படுத்துகின்றனர். துரப்பணத்தை வைத்து அழுத்தினால் மூங்கில் நாரோட்டத்தில் பிளந்துவிடும். சூடோ, பிளக்காமல் எரித்து வழிவிடும். ஆனால் அதே சூடு நெகிழியை உருக்கித் துளையைச் சுற்றி வரப்பு எழுப்பிவிடும். எழும் புகையும் நஞ்சு. ஆகவே நெகிழிக்குக் காய்ச்சிய கம்பி ஆகாது. கூரிய துரப்பண அலகை மெதுவாகச் சுழற்றுவதே தக்கது. வேகமாகச் சுழற்றினால் அலகின் சூட்டிலேயே நெகிழி இளகிவிடும்.

பலமனேர்ப் பகுதிக் குயவரிடமும் இதற்கொரு பாடம் உண்டு. ஒளி கசியும் சுடுமண் விளக்குக்குத் துளையிடுவோர் மண் ஈரமாக இருக்கும்போது குத்தமாட்டார். குத்தினால் விளிம்பு சரியும். முழுதும் உலர்ந்தபின்னும் குத்தமாட்டார். குத்தினால் விரிசல் ஓடும். தொட்டால் குளிர்ந்தும் அழுத்தினால் குழியாமலும் இருக்கும் அரைக்காய்ச்சல் நிலையே துளைக்குரிய நேரம். மரத்துக்கு அத்தகைய நேரம் இல்லை. அதற்கு ஈடாக மரத்துக்குத் திசை உண்டு.

ஊடுபுள்ளி

மாணவனின் பெட்டிக்கு முகப்பலகை தேவைப்பட்டது. பாட்டி தம் திருமணத்தின்போது கொண்டுவந்த தேக்குப் பெட்டியின் உள்தட்டை எடுத்துக் கொடுத்தார். 5 மில்லிமீட்டர் கனமுள்ள, ஒரே பலகையாலான தட்டு அது. “இதற்கு இணை வேறில்லை; கெடுத்துவிடாதே” என்று மட்டும் சொன்னார்.

மாணவன் முதலில் ஒட்டுப்பலகைத் துண்டொன்றில் பழகிப் பார்த்தான். அளவுகோலால் 6 மில்லிமீட்டருக்கு ஒரு கோடாகக் குறுக்கும் நெடுக்கும் வரைந்து, கோடுகள் வெட்டும் இடந்தோறும் துளையிட்டான். முடிவு வருந்தத்தக்கதாக இருந்தது. துளைகள் குடித்தவன் நடைபோல் தள்ளாடின. பலகையைத் திருப்பிப் பார்த்தால், பின்புறத்தில் துளைதோறும் சிராய் பெயர்ந்து, எலி கடித்தது போல் இருந்தது.

பாட்டி விரலால் தடவிப் பார்த்தார்.

“நேர்ப்புள்ளி வைத்திருக்கிறாய். நடுவில் இடம் வீணாகிறதே. ஊடுபுள்ளி வை, கண்ணா. பதினொரு புள்ளி, ஆறு வரை.”

கோலம் அறிந்தோர்க்கு இத்தொடர் போதும். நடுவரிசையில் 11 புள்ளிகள். அதன் மேலும் கீழும், இரு புள்ளிகளின் இடைவெளிக்கு நேராகப் புள்ளிகள் அமையும்படி 10. பின்பு 9, 8, 7, இறுதியில் 6. ஆக 11 வரிசைகள், 91 புள்ளிகள். அறுகோணம் ஒன்று தானே உருவாகும். நேர்ப்புள்ளியில் நான்கு புள்ளிகளின் நடுவே வீணாகும் இடம் ஊடுபுள்ளியில் இல்லை. புள்ளிகளுக்கு இடையேயான தொலைவு அதே 6 மில்லிமீட்டர் ஆயினும், அதே பரப்பில் ஏறத்தாழ 15 விழுக்காடு மிகுதியான புள்ளிகள் அடங்கும். தேன்கூட்டின் அறைகளும் இவ்வமைப்பினவே.

இதில் ஒரு நுட்பம் உண்டு. பலரும் தவறுவது இங்கேதான். ஒரே வரிசையில் புள்ளிகளுக்கு இடையே 6 மி.மீ. என்றால், வரிசைக்கும் வரிசைக்கும் இடையே 6 மி.மீ. அன்று, 5.2 மி.மீ. அடுத்தடுத்த மூன்று புள்ளிகள் சமபக்க முக்கோணமாக அமைய வேண்டும். அம்முக்கோணத்தின் உயரமே 5.2. இதனை மறந்து 6 என்றே வைத்தால் உருவம் நீண்டுவிடும். கவராயத்தை 6 மி.மீ. விரித்து வட்டம் வரைந்து, அதே விரிவால் வட்டத்தின்மேல் ஆறு முறை அடியெடுத்து வைத்தால் கணக்கின்றியே புள்ளிகள் கிடைத்துவிடும்.

துளை எவ்வளவு பெரிதாக இருக்கவேண்டும்? 4 மி.மீ. விட்டமுள்ள ஒரு துளையின் பரப்பு ஏறத்தாழ 12.6 சதுர மி.மீ.; 91 துளைகளுக்கு ஏறத்தாழ 1,140 சதுர மி.மீ. கூம்பின் வாய் ஏறத்தாழ 64 மி.மீ. விட்டம் எனக் கொண்டால் அதன் பரப்பு ஏறத்தாழ 3,200 சதுர மி.மீ. ஆகவே மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேல் திறந்திருக்கும். வீட்டு வானொலிக்கு இது போதும். திறப்பு மிகக் குறைந்தால் முதலில் மங்குவன மேற்சுருதி ஒலிகள். மொழி பயில்வோர் இதனைக் கருத வேண்டும். உயிரெழுத்தின் ஆற்றல் பெரிதும் கீழ்ச்சுருதியில் உள்ளது. மெய்யெழுத்துகளை, குறிப்பாக வல்லின மெய்களை, ஒன்றிலிருந்து ஒன்று பிரித்துக் காட்டும் கூறுகள் மேற்சுருதியிலேயே மிகுதி. அவை மங்கினால் குரல் கேட்கும். ஆனால் கல் என்றாரா, பல் என்றாரா என்பது விளங்காது. படமா, தடமா என்பதும் விளங்காது. பாட்டி முறையிட்டது இதனையே.

வீணையைக் கண்டோர், அதன் குடத்தின் மேற்பலகையில் வட்டமாக அமைந்த சிறுதுளைகளின் இரு தொகுதிகளை நோக்கியிருப்பர். ஒலிக்கு வழிவிடும் துளை கண்ணுக்கும் இனிதாக இருக்கவேண்டும் என்று எண்ணியவர் வானொலிக்கு நெடுங்காலம் முன்பே இந்நாட்டில் இருந்துள்ளனர்.

தேக்கின் திசை

தேக்குத் தட்டோடு மாணவன் பக்கத்துத் தெருத் தச்சரிடம் சென்றான். அவர் தெலுங்கும் தமிழும் கலந்து பேசுபவர். வரைபடத்தைப் பார்த்தார், தட்டைப் பார்த்தார், வரைபடத்தைக் கால்வட்டம் திருப்பி வைத்தார்.

“தம்பி, வரிசை மர ரேகைக்குக் குறுக்கே போகவேண்டும். ரேகையோடு வைத்தால் ஒரு துளையிலிருந்து அடுத்த துளைக்கு வெடிப்பு ஓடிவிடும்.”

அவர் கூற்றில் கணக்கு ஒளிந்துள்ளது. ஒரே வரிசையில் இரு துளைகளுக்கு இடையே மிஞ்சுவது 2 மி.மீ. மரம் மட்டுமே. மரம் பிளப்பது ரேகையின் வழியே. வரிசையும் ரேகையும் ஒரே திசையில் சென்றால், அந்த மெல்லிய 2 மி.மீ. பாலங்களை ஒவ்வொன்றாக அறுத்துக்கொண்டு வெடிப்பு ஓடும். வரிசையைக் குறுக்கே திருப்பினால், ஒரே ரேகையில் அமையும் துளைகளுக்கு இடையே 6 மி.மீ.க்கு மேல் மரம் நிற்கும். ஒட்டுப்பலகைக்கு இக்கவலை பெரிதாக இல்லை. அதன் அடுக்குகள் மாறி மாறிக் குறுக்காக ஒட்டப்பட்டவை.

பின்னர் நடந்தவற்றை மாணவன் அவசரமின்றிச் செய்தான். பலகை முழுவதும் காகித ஒட்டுநாடாவை ஒட்டினான். அது மேற்பரப்பில் சிராய் எழாமல் பிடித்துக்கொள்ளும். அதன்மேல் வரைபடத்தை ஒட்டினான். ஒவ்வொரு புள்ளியிலும் தமரூசியின் முனையை நிறுத்தி அழுத்திச் சிறு குழி செய்தான். முதற்பலகையில் துளைகள் தள்ளாடியதற்குக் காரணம் இக்குழி இல்லாமையே. சுழலும் அலகு வழவழப்பான பரப்பில் நிற்காது. குழி இருந்தால் தானே அமர்ந்துகொள்ளும். தட்டின் பின்னே வேண்டாத கட்டையொன்றை வைத்துக் கிளாம்பால் இறுக்கினான். அலகு வெளியேறும் இடத்தில் மரத்துக்கு முட்டுக்கொடுக்க ஒன்றும் இல்லாதபோதுதான் சிராய் பெயர்கிறது. பின்கட்டை இருந்தால் அலகு மரத்திலிருந்து மரத்துக்கே செல்லும்.

முதலில் 2 மி.மீ. அலகால் 91 துளைகள். அதன்பின் 4 மி.மீ. அலகால் அதே 91 துளைகள். பாதி ஆழத்தில் அலகை வெளியே இழுத்துத் தூளை உதறிய பின்னரே மீதியைத் துளைத்தான். கண்ணுக்குக் காப்புக்கண்ணாடி அணிந்திருந்தான். இறுதியில் பெரிய அலகொன்றை விரல்களால் பிடித்து, ஒவ்வொரு துளையின் வாயிலும் ஒரு திருகு திருகினான். பிசிறு அகன்று விளிம்பு சற்றே சரிந்து, துளையின் வாய் ஒளியை வாங்கிக்கொண்டது. 120 எண் உப்புத்தாளும் பின்னர் 220 எண் உப்புத்தாளும் வேலையை முடித்தன.

ஒன்றைக் குறிப்பிட்டாக வேண்டும். இவ்வேலை நடந்தபோது ஒலிபெருக்கி அந்த அறையிலேயே இல்லை. ஒலிபெருக்கியைப் பொருத்திவிட்டுத் துளையிடுவோர் உண்டு. அலகு ஒரு விரற்கடை மிகுதியாக இறங்கினால் கூம்பு கிழியும். தகரப் பெட்டியில் துளையிட்டால் இரும்புத் தூளைக் காந்தம் இழுத்துக்கொள்ளும். சுருளின் இடுக்கில் புகுந்த தூளை எடுப்பது அரிது. பின்பு ஒவ்வொரு சொல்லோடும் கரகரப்பு சேர்ந்தே வரும். தகரப் பெட்டிக்கு வேறொரு குறையும் உண்டு. மத்திய அலை வானொலியின் ஏரியல், கம்பி சுற்றிய ஃபெரைட் தண்டாகப் பெட்டிக்கு உள்ளேயே இருக்கும். உலோகப் பெட்டி அலையை உள்ளே விடாது.

ஒலிபெருக்கியின் விளிம்புக்கும் பலகைக்கும் நடுவே கம்பளித் துணியால் ஒரு வளையம் வெட்டி வைத்து, நான்கு திருகாணிகளால் பொருத்தினான். இடைவெளி இருந்தால் முன்னலையும் பின்னலையும் மறுபடியும் கைகோத்துக்கொள்ளும்.

அன்று மாலை, பொழுது சாய்ந்தபின், பெட்டி பாட்டியின் கட்டிலருகே வைக்கப்பட்டது. மாநிலச் செய்திகள் முடியும்வரை அவர் ஒன்றும் பேசவில்லை. ஓர் ஊரின் பெயர் வந்தபோது அதனைத் தாமும் ஒருமுறை சொல்லிக்கொண்டார். செய்தி முடிந்து இசை தொடங்கியதும் கையை நீட்டிப் பெட்டியின் முகத்தை மேலிருந்து கீழாக, வரிசை வரிசையாகத் தடவினார்.

“எட்டாம் வரிசையில் ஒரு புள்ளி தள்ளிப்போயிருக்கிறது” என்றார்.

மாணவன் அளவுகோலை எடுத்துவந்து வைத்துப் பார்த்தான். ஒரு மில்லிமீட்டர் தள்ளியிருந்தது.

சொற்பொருள்

துரப்பணம் – துளையிடும் கருவி
தமரூசி – கையால் குத்தித் துளை அல்லது குழி செய்யும் கூரிய ஊசி
சிராய் – மரத்திலிருந்து பெயரும் மெல்லிய துணுக்கு
மர ரேகை – மரத்தின் நாரோட்டம்
கவராயம் – வட்டம் வரையும் கருவி
அரைக்காய்ச்சல் – பாதி உலர்ந்த நிலை
பணமுடை – பணத் தட்டுப்பாடு

இலக்கணக் குறிப்பு

சுடுமண் – வினைத்தொகை
துளைத்த பலகை – பெயரெச்சம்
மின்சுற்றும் பெட்டியும் – எண்ணும்மை
வானொலி = வான் + ஒலி; மரப்பலகை = மரம் + பலகை

பயிற்சி

அ. விடை எழுதுக.
1. திறந்தபடி வைத்த ஒலிபெருக்கியின் குரல் மெலிந்து ஒலிப்பது ஏன்?
2. மூங்கிலுக்கு ஏற்ற முறை நெகிழிக்கு ஏற்காதது எதனால்?
3. தச்சர் வரைபடத்தைத் திருப்பி வைத்ததன் காரணத்தைச் சொந்த நடையில் விளக்குக.
4. பாட்டி எட்டாம் வரிசையின் பிழையைக் கண்டறிந்தது எவ்வாறு? அவர் அதனைச் சொல்லாமல் விட்டிருக்கலாமா? உம் கருத்தைக் காரணத்துடன் எழுதுக.

ஆ. ‘9 புள்ளி, 5 வரை, ஊடுபுள்ளி’ – இக்கோலத்தைப் புள்ளியிட்டு வரைந்து, மொத்தப் புள்ளிகளை எண்ணி எழுதுக. அதே அமைப்பை உம் வீட்டார் எந்தச் சொற்களால் குறிப்பர் எனக் கேட்டறிந்து எழுதுக.

இ. கல் – பல், படம் – தடம் போல ஒரே ஒரு வல்லின மெய்யால் பொருள் மாறும் சொல்லிணைகள் ஐந்தினைத் தேர்க. ஒரு தோழர் அடுத்த அறையிலிருந்து கதவை மூடிக்கொண்டு அவற்றைப் படிக்க, நீர் கேட்டு எழுதுக. கதவைத் திறந்தபின் மீண்டும் எழுதி, இரு பட்டியல்களையும் ஒப்பிடுக.